அத்தானின் நன்னடத்தைக் காலம்

பிப்ரவரி 11

இந்த டைரி நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஜனவரிப் பக்கங்களில் என் வீட்டுக்காரி ஆவுடை பால் கணக்கு எழுதிவிட்டாள். மிச்சம் எனக்கு. நன்னடத்தை அலுவலர் மெர்சி மேடம்தான் எழுதச் சொன்னார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால், என் அத்தான் எப்படி நடந்துகொள்கிறார் என்று அவ்வப்போது குறித்து வைக்க வேண்டுமாம். மேடம் கேட்கும்போது நான் திருதிருவென்று முழிக்கக் கூடாதாம்.

அத்தான் என்றால் என் அக்கா சங்கரவடிவின் வீட்டுக்காரர், திரவியம். போன வருடம் அவருடைய தங்கை பேச்சியம்மாளின் பையனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடிக்குச் சொந்தக்காரர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு போனால், தெருமுனையில் வைத்திருந்த ஃபிளெக்ஸில் அவர் படம் இல்லை. பேச்சியின் கொழுந்தன் பால்த்துரை அடித்து வைத்த ஃபிளெக்ஸ். அதில் அவனுடைய கபடிக் குழு இருந்தது, அவன் வாங்கப் போகிற புல்லட் வண்டி இருந்தது, தாய்மாமன் மட்டும் இல்லை. அத்தான் ஃபிளெக்ஸைப் பிடுங்கினார். அதன் சட்டத்து ரீப்பர் கட்டை ஒன்று கையோடு வந்தது. அது பால்த்துரையின் காறை எலும்பில் போய் நின்றது.

முதல் குற்றம், வயது ஐம்பத்திரண்டு என்று பார்த்து, நடுவர் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு வருட நன்னடத்தைப் பிணையில் விட்டிருக்கிறார். சண்டை கூடாது, குடி கூடாது, பால்த்துரை இருக்கும் செவக்காட்டூர்ப் பக்கம் மேடத்தின் அனுமதி இல்லாமல் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மீறினால் பிணை ரத்து, ஆறு மாதம் உள்ளே. அத்தானின் வீடும் செவக்காட்டூரில்தான் இருக்கிறது. ஆகவே இந்த ஒரு வருடமும் அவர் ஜாமீன்தாரர் வீட்டில் தங்க வேண்டும்.

ஜாமீன்தாரர் நான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கோர்ட்டுக்கு அந்தப் பழமொழி தெரியாது போலிருக்கிறது.

பிப்ரவரி 15

அத்தானும் அக்காவும் வந்து நான்கு நாளாகிறது.

எங்கள் பக்கம் அக்கா வீட்டுக்காரர் என்றால் சாமிக்கு அடுத்த இடம். அவர் உட்கார்ந்த பிறகுதான் இலை போட வேண்டும், அவர் கை கழுவிய பிறகுதான் மற்றவர்கள் எழ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்து போகிறவருக்கு இது சரி. தினமும் மூன்று வேளை என்றால் முதுகு விட்டுப் போகிறது. கண்காணிக்க வேண்டியவரைக் கண்டதும் எழுந்து நிற்க வேண்டிய கொடுமை உலகத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

இன்று காலையில், "மாப்ள, இந்தச் சட்னிய அரைச்சிருக்கா, இல்ல மிதிச்சிருக்கா?" என்று என்னிடம் கேட்டார். ஆவுடை அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினாள். எனக்கு இயல்பிலேயே பொறுமை அதிகம். சிரித்துக்கொண்டேன். காபி டம்ளர் கை தவறிச் சுவரில் பட்டது.

பிப்ரவரி 16

வெந்நீர் முழுவதும் அத்தான் குளித்துவிட்டார்.

மார்ச் 6

மெர்சி மேடம் வீட்டுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேடம் எங்களைப் பார்த்து, "குரூப் போட்டோ எடுக்கவா வந்தேன்?" என்று கேட்டார்.

அத்தானிடம் கோபம் எப்படி வருகிறது என்று விசாரித்தார். அது சொல்லிக்கொண்டு வருவதில்லை என்று அத்தான் பணிவாகச் சொன்னார். கோபம் வரும்போல் இருந்தால் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும், அது தணிந்த பிறகுதான் துப்ப வேண்டும் என்று மேடம் வழி சொன்னார். சாப்பிடும்போது வந்தால் என்ன செய்வது என்று அத்தான் சந்தேகம் கேட்டார். மேடம் என் பக்கம் திரும்பி, "உங்க அத்தான் திருந்திருவாரு. இவ்வளவு அக்கறையா கேள்வி கேக்காரே" என்றார்.

மார்ச் 7

காலையிலிருந்து அத்தானுக்குக் கன்னம் உப்பலாகவே இருக்கிறது. ஆவுடைக்கு நிம்மதி. ஆனால் குடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

ஏப்ரல் 22

நான் வைத்திருப்பது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், நாற்காலி, சாமியானா எல்லாம் உண்டு. அத்தானுக்குத் தறி வேலைதான் தெரியும். தறி செவக்காட்டூரில் இருப்பதால், வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று கடைக்கு அழைத்துப் போகிறேன். கண்ணெதிரில் இருந்தால் கண்காணிக்கவும் வசதி.

இன்று ஒரு கல்யாண வீட்டுக்காரர் பெரிய அண்டாவை அடி நசுங்கிய நிலையில் கொண்டுவந்து இறக்கினார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார். நான் நயமாகத்தான் பேசினேன். பேசியது பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். கையில் சோறு கிண்டுகிற ஒரு சட்டுவமும் இருந்தது. கடை என்றால் கையில் ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

அத்தான் ஓடிவந்து தன் தண்ணீர் பாட்டிலை என் வாயில் செருகிவிட்டார். நான் கன்னம் உப்பி நிற்க, கல்யாண வீட்டுக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு மனிதனால் சண்டை போட முடியவில்லை. அண்டாவைத் தானே நசுங்கல் எடுத்து ஒக்கிட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்துப்போனார்.

ஜாமீன்தாரர் வாயில் குற்றவாளி தண்ணீர் ஊற்றலாமா என்று மேடத்திடம் கேட்க வேண்டும்.

மே 19

முகூர்த்த நாள். நாற்காலி ஏற்றி இறக்கி இடுப்பு போய்விட்டது. அத்தான் பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றுகிறார். கேட்கச் சகிக்கவில்லை. வேலை மட்டும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜூன் 9

அத்தான் மாதம் ஒருமுறை மேடத்தின் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இன்று காலையில் போனார். வீடு நிம்மதியாக இருந்தது. சட்னியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆவுடையின் தங்கை கோடை விடுமுறைக்கு வர முடியாமல் போனதை ஆவுடை நிதானமாக, ஆரம்பத்திலிருந்து சொல்லிக் காட்டினாள். இருப்பதே இரண்டு அறை, அதில் ஒன்றை அண்ணன் என்று அவள் கூப்பிடும் அத்தானுக்குக் கொடுத்துவிட்டால் அவளுடைய மனிதர்கள் எங்கே படுப்பார்கள் என்று கேட்டாள். நியாயம்தான். பிணை முடிய இன்னும் எத்தனை மாதம் என்று விரலை மடக்கிப் பார்த்தோம்.

மதியம் வரவேண்டிய ஆள் மாலை வரை வரவில்லை. கருவேப்பிலை வாங்கலாம் என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். மூன்று தடவை போனேன். கடைசித் தடவை அவரே பஸ்ஸிலிருந்து இறங்கினார். ரோட்டில் மறியலாம். "என்ன மாப்ள, கைல ஒண்ணுமில்லாம நிக்க?" என்றார். கருவேப்பிலை வாங்க மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 20

பேச்சியம்மாள் கடைக்கு வந்தாள். அவளுடைய மூத்த பெண் யாழினி பெரியமனுஷி ஆகிவிட்டாளாம், வருகிற முப்பதாம் தேதி சடங்கு. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு என்கிற சின்னக் குடிசை கட்டி, சீர் கொண்டுவந்தால்தான் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அண்ணன் வரவில்லை என்றால் பிள்ளையைக் குச்சில் உட்கார வைக்கவே மாட்டேன் என்று அழுதாள். அத்தான் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். இந்த முறை அது கோபத்துக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

அவள் போன பிறகு என்னிடம் வந்தார். "மாப்ள, அந்த மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுதியா? எனக்குப் பேச வராது."

பாத்துக்கிடலாம் அத்தான் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 21

மேடத்துக்குப் போன் செய்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் பால்த்துரை கடைக்கு வந்துவிட்டான். அவனைப் பார்த்ததும் அத்தான் பின்பக்கமாகக் குடோனுக்குள் போய் நின்றுகொண்டார். சடங்குக்குச் சாமியானா, நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர் எல்லாம் என்னிடமே வேண்டுமாம். இந்த வருடத்தில் இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. போகும்போது பால்த்துரை குடோன் பக்கம் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக, "மச்சான் வராம இருந்துறப் போறாக" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாற்காலி எண்ணவே பொழுது போய்விட்டது.

ஆகஸ்ட் 27

சாமியானா ஒன்று எலி கடித்திருந்தது. தைத்தேன்.

ஆகஸ்ட் 30

சடங்கு. நான் நாற்காலியோடு விடியற்காலையிலேயே செவக்காட்டூர் போய்விட்டேன். அத்தானும் அக்காவும் சீர்த்தட்டுகளோடு வேனில் வந்து இறங்கினார்கள். மேளம் அடித்து வரவேற்றார்கள். அத்தான் வாயில் தண்ணீர் வைத்திருந்ததால் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மரியாதை கருதி மௌனமாக இருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

குச்சுக் கட்டும்போது ஓலையின் ஒரு முனையை அத்தான் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு பால்த்துரை வந்து பிடித்தான். அவனால் அந்தத் தோளை முழுதாக உயர்த்த முடியவில்லை. அத்தான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் முனையையும் தாழ்த்திக் கட்டினார். குச்சு ஒரு பக்கமும் நிமிராமல் குட்டையாக வந்தது. பிள்ளை குனிந்துதான் உள்ளே போனாள். எனக்குப் பார்க்க நன்றாக இருந்தது.

சண்டை இல்லை. குடி இல்லை. நாற்காலி இரண்டு உடைந்தது, அது வேறு விஷயம்.

செப்டம்பர் 1

மோசம் போனோம்.

பால்த்துரை இந்த முறை பயந்துபோய் ஃபிளெக்ஸில் தாய்மாமனை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறான். கறுப்புக் கண்ணாடி, பின்னால் இரண்டு சிங்கம், "சீர் சுமந்து வரும் எங்கள் தாய்மாமன் திரவியம் அவர்களே, வருக வருக", கீழே ஊர், தேதி, நேரம். இதைத் தெருவில் வைத்தது போதாதென்று, நம் ஊர் நாற்சந்தியில், காவல் நிலையத்துக்கு நேர் எதிரே கட்டியிருக்கிறான். அங்கே டீ குடிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஃபிளெக்ஸைப் பார்த்திருக்கிறார். வழக்குக் கோப்பில் பார்த்த முகம். பால்த்துரையின் ஊருக்குப் போகக் கூடாத ஆள் பால்த்துரையின் ஊருக்குப் போகிற தேதி, நேரம் உட்பட எழுதி வைத்திருந்தால் அவரும் என்ன செய்வார். பிணையை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டில் மனு போட்டுவிட்டார்.

படம் இல்லாததால் ஒரு வழக்கு, படம் இருந்ததால் ஒரு வழக்கு. அத்தான் ராசி அப்படி.

செப்டம்பர் 3

மேடம் வந்தார். முகம் சரியில்லை. ஏன் அனுமதி கேட்கவில்லை என்று அத்தானிடம் கேட்டார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"கேக்கணும்னு தோணல மேடம்" என்றார் அத்தான்.

என் பெயரை ஏன் அவர் சொல்லவில்லை என்று தெரியவில்லை. மறந்திருப்பார். வயதாகிறது.

செப்டம்பர் 10

பதினேழாம் தேதி விசாரணை. பிணையைத் தொடர்வதா, ரத்து செய்வதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்களாம்.

மேடம் இன்று கடைக்கே வந்து என்னிடம் தனியாகப் பேசினார். சொன்னதை மீறிவிட்டார் என்பது மட்டும் போதாதாம், ஏன் மீறினார் என்று பார்ப்பார்களாம். வேண்டுமென்று போனாரா, போன இடத்தில் யாருக்காவது ஆபத்து வந்ததா, அடிபட்டவனுக்கு இன்னும் பயம் இருக்கிறதா, இத்தனை மாதமும் வேலை வெட்டி பார்த்து ஒழுங்காக இருந்தாரா என்றெல்லாம் மேடம் அறிக்கை எழுத வேண்டும். அதெல்லாம் எழுதிவிடலாம், நல்லபடியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் நான் எழுத முடியாது. அவர வச்சுக்கிட ஒரு வீடு வேணும். நீங்க முடியாதுன்னா, வேற ஆள் இல்ல. ஜட்ஜ் உங்கள நேராவே கேப்பாரு. யோசிச்சு வைங்க."

யோசிப்பதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 14

யோசித்தேன். ஒரு ஜாமீன்தாரர் விலகிக்கொள்ள விரும்பினால் விலகலாம், யாரும் தடுக்க முடியாது என்று நோட்டரி வக்கீல் சொன்னார். "உடல்நிலை காரணமாக என்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்" என்று சொன்னால் போதும். குளியலறையில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது. இருமலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏழு மாதம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. உடன்பிறந்தவளுக்கு இதற்குமேல் யார் செய்வார்கள்? ஆவுடையிடம் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "அண்ணனுக்கு ஜெயில்ல என்ன சாப்பாடு போடுவாக?" என்று கேட்டாள். களி என்று சொன்னேன். "அதுல உப்பு சரியா இருக்கணுமே" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். இவளிடம் ஒரு யோசனை கேட்டால் உருப்படியாகப் பதில் வராது.

செப்டம்பர் 17

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கோர்ட் வராந்தாவில் ஒரு குமாஸ்தா அத்தானின் காலை நன்றாக மிதித்துவிட்டார். அத்தான் சட்டென்று தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார். அதே நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். உங்கள் பெயர் என்ன என்று நடுவர் கேட்டார். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். நடுவர் மறுபடியும் கேட்டார். கோர்ட்டுக்குள் துப்ப முடியுமா? ஒரே மூச்சில் விழுங்கினார், புரையேறிக் கண் பிதுங்கிவிட்டது. மெர்சி மேடம் எழுந்து, இது நான் சொல்லிக் கொடுத்த முறைதான் என்று விளக்க வேண்டியதாயிற்று. இதனால் பலன் இருக்கிறதா என்று நடுவர் கேட்டார். இருக்கிறது என்றார் மேடம். நடுவர் அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கும் தேவைப்படும்போல.

அரசு வக்கீல் எழுந்து, மீறல் மீறல்தான், சடங்கு வீட்டுக்கு ஒரு சட்டம், சாவு வீட்டுக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. பால்த்துரையைக் கூப்பிட்டு, இவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"குச்சுக் கட்டும்போது ஓலையோட அந்த முனைய நான்தான் அய்யா பிடிச்சிருந்தேன். பயமிருந்தாப் பிடிப்பனா?" என்றான். கூடவே, ஃபிளெக்ஸ் வைத்தது தன் தப்புத்தான், மச்சானுக்கு ஒரு பெருமையாக இருக்கட்டும் என்று வைத்ததாகவும் சொன்னான்.

நடுவர் அத்தானைப் பார்த்து, அனுமதி கேட்காமல் ஏன் போனீர்கள் என்றார். அத்தான் இங்கேயும் அதையேதான் சொன்னார். தோன்றவில்லை என்று. நடுவரின் முகம் கறுத்தது. தெரிந்தே மீறியிருக்கிறீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவரைத் தொடர்ந்து உங்க வீட்டுல வச்சிருக்கச் சம்மதமா? இல்லைன்னா சொல்லலாம். உங்களக் கட்டாயப்படுத்த முடியாது."

நான் இருமிக்கொண்டேன். உடல்நிலை காரணமாக என்பது வரைக்கும் நாக்கு நுனியில் நின்றது. அத்தான் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் ஒரு துணிப்பையோடு நின்றாள். அதில் அவருடைய மாற்று வேட்டியும் துண்டும் இருந்தது எனக்குத் தெரியும். உள்ளே கொண்டுபோய்விட்டால் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று காலையிலேயே மடித்து வைத்துவிட்டாள். 

"அய்யா, மேடத்துக்கிட்ட கேக்கச் சொல்லி இவுக என்கிட்டதான் சொன்னாக. நான்தான் பாத்துக்கிடலாம்னுட்டு விட்டுட்டேன். இவுகள உள்ள அனுப்பாதீங்க. எங்க வீட்டுல இன்னும் ஒரு வருஷம் கூட இருக்கட்டும். என்ன இப்போ?"

எங்கள் ஊரில் விருந்தாளி செருப்பு மாட்டும்போது யாரும் சொல்வதுதான் இது. அதற்குள் என்ன அவசரம், பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்போம். விருந்தாளியும் சிரித்துக்கொண்டே படியிறங்கிவிடுவார். அதை எழுதிக்கொள்ள ஊரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். நடுவர் சொல்லச் சொல்ல டைப்படித்தார்.

மீறலுக்கு அபராதம் ஐம்பது ரூபாய். என்னைக் கண்டித்தார்கள். பிணை தொடர்கிறது. ஜாமீன்தாரர் தாமாக முன்வந்து விருப்பம் தெரிவித்ததை ஏற்று, கண்காணிப்புக் காலம் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது.

சம்மதம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அத்தான் பிப்ரவரியில் தறிக்குப் போயிருப்பார். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கன்னம் உப்பியிருந்தது.

செப்டம்பர் 18

அத்தான் என்னிடம் பேசவில்லை. சாம்பாரில் புளி தூக்கல் என்று அவர் அக்காவிடம் சொல்லி, அக்கா ஆவுடையிடம் சொல்லி, ஆவுடை என்னிடம் சொன்னாள். ஒரு வருட நீட்டிப்பைப் பற்றி ஆவுடை என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, இந்தத் தடவை நாங்களே உங்கள் வீட்டுக்கு வருகிறோம், ஆறு பேருக்கு இடம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் பிள்ளைகளோடு நாலு பேர்தான்.

செப்டம்பர் 21

இன்று பேசிவிட்டார்.

கடையில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தோம். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"நான் உள்ள போயிருந்தா நீ நிம்மதியா இருந்திருப்ப மாப்ள. எதுக்கு அப்படிச் சொன்ன?"

"வாயில வந்துட்டு அத்தான்."

"யோசிச்சுச் சொல்லலையா?"

"இல்ல அத்தான்."

தோளில் கிடந்த துணியை எடுத்து, நான் துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார்.

"அப்பம் சரி. யோசிச்சுச் சொல்லியிருந்தன்னா, அந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்காது."

நான் யோசித்து வைத்திருந்தது என்ன என்பதை அவரிடம் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனோம். அவர் உட்கார்ந்தார், இலை போட்டார்கள். ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு ஆவுடையைக் கூப்பிட்டு, இது ரசமா, இல்லை அண்டா கழுவிய தண்ணீரா என்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.